துல்லிய மருத்துவம்: இரண்டு பெண்கள் வெட்டிய வழி

"உம்மாக்கு மார்புல வந்தது, சாச்சிக்கும் வந்தது. எனக்கும் வருமா டொக்டர்?" இந்தக் கேள்வி எத்தனையோ வீடுகளில் மெல்லிய குரலில் கேட்கப்படுவது. ஐம்பது வருடங்களுக்கு முந்தி இதற்கு எந்த வைத்தியராலும் ஒழுங்கான பதில் சொல்ல ஏலாது. இன்று ஒரு சின்னக் குப்பி இரத்தத்தை வைத்துக்கொண்டு ஓரளவு சொல்லலாம். அந்த மாற்றத்துக்குப் பின்னால் இருப்பவர்களில் இருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நோயின் பெயர் ஒன்று என்பதற்காக எல்லாருக்கும் ஒரே மருந்தைக் கொடுக்காமல், இந்த நோயாளியின் கலத்துக்குள் என்ன பிழைத்திருக்கிறது என்று பார்த்து வைத்தியம் செய்வதையே துல்லிய மருத்துவம் என்கிறார்கள். பெயர் புதிது. வேலை பழையது.

முதலாமவர் ஜெனட் ரௌலி. 1925இல் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பெண்களுக்கு மூன்றே மூன்று இடந்தான் என்றிருந்த காலம். அவை நிரம்பிவிட்டதால் ஒன்பது மாதம் காத்திருந்து சேர்ந்தார். நான்கு ஆண் பிள்ளைகளுக்குத் தாய். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது கிழமையில் சில நாட்கள் மட்டும் வேலைக்குப் போனார். நிறமூர்த்தங்களின் புகைப்படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, கத்தரிக்கோலால் வெட்டி, சோடி சேர்த்துப் பார்ப்பது அவர் வழக்கம். உம்மா கடதாசிப் பொம்மை விளையாடுகிறார் என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்களாம்!

ஒருவகை இரத்தப் புற்றுநோயில் 22ஆம் நிறமூர்த்தம் கட்டையாகி இருப்பது 1960இலேயே தெரிந்திருந்தது. ஒரு துண்டு தொலைந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அது தொலையவில்லை, 9ஆம் நிறமூர்த்தத்தில் போய் ஒட்டியிருக்கிறது, அங்கிருந்து ஒரு துண்டு இங்கே வந்திருக்கிறது என்று ரௌலி கண்டார். 1973இல் அது 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்தது. இடம் மாறிய துண்டுகள் இணைந்து ஒரு புதுப் புரதத்தை உண்டாக்குவதும், அது கலத்தை ஓயாமல் பெருகச் செய்வதும் பிறகு தெரியவந்தன. அந்தப் புரதத்தை மட்டும் தடுக்கும் இமாட்டினிப் என்ற குளிசை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சில வருடங்களில் உயிரைப் பறித்த நோய், பலருக்குத் தினம் குளிசை போட்டுச் சமாளிக்கும் நோயாகிவிட்டது.

மற்றவர் மேரி-கிளயார் கிங். சிறுவயதில் நெருங்கிய தோழி ஒருத்தியைப் புற்றுநோயில் பறிகொடுத்தவர், படித்தது கணிதம். 1974இல், மார்புப் புற்றுநோய் சில குடும்பங்களில் பரம்பரையாக வருகிறதா என்று தேடத் தொடங்கினார். அன்றைக்கு அறிஞர்கள் பலர் இதை நம்பவே இல்லை. இவ்வளவு சிக்கலான நோயை ஒரு பரம்பரையலகில் கொண்டுபோய்க் கட்டுவதா என்பது அவர்களுடைய எண்ணம். பதினாறு வருடம் போனது.

கடைசியில் வழியைத் திறந்தது ஒரு சாதாரணமான காரியம். நோய் வந்த வயதைப் பார்த்துக் குடும்பங்களை வரிசைப்படுத்தினார்கள். முதுமையில் நோய் கண்ட குடும்பங்களையும் இளவயதில் கண்ட குடும்பங்களையும் ஒன்றாகக் கலந்தபோது எதுவும் தெளிவாகவில்லை. இளவயதுக் குடும்பங்களைத் தனியாகப் பிரித்ததும், 17ஆம் நிறமூர்த்தத்தில் குறிப்பிட்ட ஓர் இடம் பளிச்சென்று தெரிந்தது. ஆராய்ந்தவை 23 குடும்பங்கள். நோயாளிகள் 146 பேர். 1990இல் முடிவு வெளிவந்தது. பிஆர்சிஏ1 என்று இன்று உலகமே சொல்லும் பெயர் அப்படி வந்ததுதான்.

இந்தப் பரம்பரையலகு ஒரு மேசன் மாதிரி. டீ.என்.ஏ.யில் விழும் வெடிப்புகளைப் பூசிச் சரிப்படுத்துவது அதன் தொழில். அதில் கேடான விகாரத்தோடு பிறந்த பெண்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்புப் புற்றுநோய் வரக்கூடும். பொதுவாக அமெரிக்கப் பெண்களில் அது நூற்றுக்குப் பதின்மூன்று அளவுதான். இன்னொரு பக்கம், புற்றுக் கலத்தில் ஏற்கனவே ஒரு மேசன் இல்லை என்பதே வைத்தியருக்கு வசதியாகிறது. மற்ற மேசனையும் மருந்தால் நிறுத்திவிட்டால் அந்தக் கலம் சிதைந்துபோகும். 2014இல் அனுமதி பெற்ற ஒலாபரிப் இப்படித்தான் வேலை செய்கிறது.

நடுவில் ஒரு வழக்கும் நடந்தது. 1994இல் அந்தப் பரம்பரையலகைப் பிரித்தெடுத்தது வேறொரு குழு. அதைச் சேர்ந்த மிரியட் நிறுவனம் காப்புரிமை பெற்றுக்கொள்ள, அமெரிக்காவில் பரிசோதனைக்கு மூவாயிரம் டொலருக்கு மேல் போனது. மனித உடம்பில் இயற்கையாக உள்ள டீ.என்.ஏ.க்கு யாரும் காப்புரிமை கொண்டாட முடியாது என்று 2013இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் வேறு ஆய்வுகூடங்களும் இறங்கின, விலையும் இறங்கியது. எனக்கென்றால், கண்டுபிடிப்புக்குச் சமமான விசயம் இந்தத் தீர்ப்பு. வாங்க ஏலாத பரிசோதனையால் யாருக்கு என்ன பிரயோசனம்?

கிங் புற்றுநோயோடு நிற்கவில்லை. ஆர்ஜென்டீனாவில் இராணுவ ஆட்சி கடத்திய பிள்ளைகளை, பாட்டிமாரின் இரத்தத்தோடு ஒப்பிட்டு அடையாளம் காண உதவினார். பெத்லகேம் பல்கலைக்கழகத்தின் மொயின் கனானோடு சேர்ந்து, பலஸ்தீனக் குடும்பங்களில் பரம்பரையாக வரும் செவிட்டுத்தன்மையையும் ஆராய்ந்தார். சொந்தத்துக்குள் கலியாணம் முடிக்கும் குடும்பங்களில் தாய், தகப்பன் இருவரிடமும் ஒரே விகாரம் மறைந்திருந்து பிள்ளையில் வெளிப்படலாம். நம்மவர்களுக்கும் இது புதுக்கதை இல்லை.

நம் பக்கத்துச் சிக்கல் வேறு. உலகப் பரம்பரையலகுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அதனால் தெற்காசியப் பெண் ஒருவர் பரிசோதித்தால், "மாற்றம் இருக்கு, ஆனா நல்லதா கெட்டதா தெரியாது" என்று அறிக்கை வரும் வாய்ப்புக் கூடுதல். இன்னும் அதிகமான நம் ஆட்கள் ஆய்வுகளில் சேராமல் இது தீராது. சேர்வதற்கு முதல் தடை பணம் மட்டுமல்ல, மறைப்பும்தான். கலியாணம் பேசுற வீட்டில் யார் வாயைத் திறப்பார்கள்?

அதிலும் தகப்பன் வழியை நாம் கணக்கில் எடுப்பதே குறைவு. பிஆர்சிஏ விகாரம் வாப்பாவிடமிருந்தும் அதே அளவுக்கு வரும். மகனுக்கும் போகும், மகளுக்கும் போகும். மாமிக்கு முப்பத்தெட்டில் வந்ததைக் கிளினிக்கில் சொல்லாமல், "உம்மா பக்கம் ஒண்ணும் இல்ல" என்று வந்துவிடுகிறோம்.

ஆகவே ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம்: யாருக்கு, எந்த இடத்தில், எத்தனை வயதில், எந்தப் பக்கம். வயது நினைவில்லாவிட்டால் உம்மும்மாவிடம் கேட்டுப் பாருங்கள். எந்தப் பிள்ளை கிடைத்த பிறகு, யாருடைய கலியாணத்துக்கு முந்தி என்று அவர் சொல்லச் சொல்லக் கணக்கு வந்துவிடும்.