திருச்சிராப்பள்ளி இடிமழை

திருச்சிராப்பள்ளி இடிமழை என்பது திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதிகளில் வெப்பச்சலனத்தால் இடி, மின்னல், பலத்த காற்றுடன் குறுகிய நேரத்தில் பெய்யும் மழையைக் குறிக்கும். இது கோடையிலும், வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய மாதங்களிலும் பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ பெய்கிறது.

தோற்றம்

பகல் வெயிலால் நிலம் சூடேறும்போது அதை ஒட்டிய காற்று இலேசாகி மேலெழுகிறது. அதிலுள்ள ஈரப்பதம் உயரத்தில் குளிர்ந்து திரள்கார்முகிலாகிறது. முகிலிலிருந்து கீழிறங்கும் குளிர்காற்றே மழைக்குச் சற்று முன் பலமாக வீசுகிறது.

எச்சரிக்கை

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில், 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்வது கனமழை எனவும், 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை எனவும், அதற்கு மேற்பட்டது அதி கனமழை எனவும் அழைக்கப்படும்.

மழையும் வெள்ளமும்

திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த தீவு ஆகும். ஆகையால் உள்ளூரில் மழை இல்லாதபோதும் இங்கு வெள்ள அபாயம் உண்டு. 2018 ஆகஸ்ட் மாதம் கர்நாடகத்தில் பெய்த பருவமழையால் மேட்டூர் அணை நிரம்பி நீர் பெருகியது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் உடைந்தன. மாறாக, 1977, 2005 நவம்பர் மாதங்களில் கனமழையால் கோரையாறு போன்ற சிற்றாறுகள் பெருகி நகருக்குள் வெள்ளம் புகுந்தது. எனவே மழை எச்சரிக்கையையும் அணை நீர்த்திறப்பு அறிவிப்பையும் தனித்தனியே கவனித்தல் வேண்டும்.

பாதுகாப்பு

மின்னலுக்கும் இடியோசைக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு 3 நொடியும் ஏறத்தாழ 1 கி.மீ. தொலைவைக் காட்டும். இடைவெளி 30 நொடிக்குக் குறைந்தால் ஆற்றுமணல், படித்துறை, மரத்தடி ஆகியவற்றை விட்டுக் கட்டடத்துக்குள் செல்லுதல் வேண்டும்.