அந்த ஹெலிகாப்டர் ஏன் நிற்கவில்லை? கடற்படை ஹெலிகாப்டர்கள் பற்றிச் சில குறிப்புகள்

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் எப்போது பேச்சு வந்தாலும் அத்தை கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்பார். "ஏய்யா, அவ்வளவு பக்கத்துல வந்தாம்லா? எங்களப் பாத்தாம்லா? பாத்துட்டும் ஏன்யா நிக்காமப் போனான்?"

அத்தை வீடு ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் நடுவில், தாமிரபரணிக் கரையோரம் ஒரு சின்ன ஊரில். டிசம்பர் 17 ராத்திரி பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 செ.மீ. ஒரு வருஷ மழை ஒரே நாளில். ஆறு வாழைத் தோட்டங்களைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய சென்னை எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சுமார் 800 பயணிகளோடு மாட்டிக்கொண்டது. அத்தையும் மாமாவும் இரண்டு ராத்திரி தட்டட்டியில், தகர ஷெட்டுக்கு அடியில் கிடந்தார்கள். மாமாவுக்குச் சர்க்கரை. இன்சுலின் கீழே ஃபிரிட்ஜோடு தண்ணீரில் போய்விட்டது. 19-ஆம் தேதி ஒரு ஹெலிகாப்டர் தென்னை உயரத்துக்குச் சற்று மேலே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, போய்விட்டது. அத்தை சிவப்புச் சேலையை வீசிக்கொண்டே இருந்தாராம். சாயங்காலம் கடற்கரையிலிருந்து லாரியில் கொண்டுவரப்பட்ட மீனவர்களின் ஃபைபர் படகில்தான் வெளியே வந்தார்கள். மாமா ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அது கடற்படையா, விமானப்படையா, கடலோரக் காவல்படையா என்று அத்தைக்குத் தெரியாது. மூன்றுமே அந்த நாட்களில் நம் ஊர் வானத்தில் இருந்தன. கடற்படை ஹெலிகாப்டர்கள் ராமநாதபுரம் உச்சிப்புளியில் உள்ள ஐ.என்.எஸ். பருந்து தளத்திலிருந்து வந்தன. அத்தையின் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் கடற்படை ஹெலிகாப்டர்கள் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில், அது எதற்காகப் பிறந்தது?

வெள்ளத்தில் ஆளைத் தூக்குவது கடற்படை ஹெலிகாப்டரின் முதல் வேலை இல்லை. முதல் வேலை நீர்மூழ்கி வேட்டை.

இதற்கும் நம் மாவட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. நாங்குநேரி பக்கம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் இருக்கிறது. 1990 முதல் இயங்கும் கடற்படைத் தளம். கப்பலும் இல்லை, துறைமுகமும் இல்லை. மிக உயரமான ஆன்டெனா கோபுரங்கள்தான். கடலுக்கடியில் இருக்கும் நம் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் இடம் அது. சாதாரண ரேடியோ அலை உப்புத் தண்ணீருக்குள் நுழைந்ததுமே செத்துவிடும். 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையான மிகத் தாழ்ந்த அலைவரிசைதான் சில பத்து மீட்டர் ஆழம் வரை இறங்கும். 20 கிலோஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளமே 15 கிலோமீட்டர்! அதனால்தான் அவ்வளவு பெரிய ஆன்டெனா.

சொந்த நீர்மூழ்கியிடம் பேசவே இவ்வளவு பாடு என்றால், எதிரியின் நீர்மூழ்கியைக் கண்டுபிடிப்பது எப்படி? ரேடார் தண்ணீருக்குள் வேலை செய்யாது. மிச்சம் இருப்பது ஒலிதான். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும்; காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேல்.

ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல். சித்திரை வெயிலில் கிணற்றில் குதித்தவர்களுக்குத் தெரியும்: மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், கொஞ்சம் கீழே போனால் சில்லென்று வெட்டும். கடலிலும் அதே கதைதான். வெப்பம் சட்டென்று மாறும் அந்த அடுக்கில் ஒலி வளைந்து திசைமாறிப் போய்விடும். கப்பலின் அடிப்பகுதியில் இருக்கும் சோனாருக்கு அந்த அடுக்குக்குக் கீழே இருப்பது சரியாகக் கேட்காது. நீர்மூழ்கி அங்கேதான் ஒளிந்துகொள்ளும்.

ஹெலிகாப்டர் செய்வது எளிமையானது. ஓரிடத்தில் அந்தரத்தில் நின்று, கேபிளில் கட்டிய சோனாரைக் கிணற்றில் வாளி இறக்குவதுபோல அந்த அடுக்குக்கும் கீழே இறக்கிக் கேட்கும். ஒன்றும் இல்லையென்றால் சுருட்டிக்கொண்டு சில கிலோமீட்டர் தள்ளிப் போய் மறுபடி இறக்கும். நீர்மூழ்கியின் டார்ப்பிடோ கப்பலைத் தாக்கலாம், மேலே நிற்கும் ஹெலிகாப்டரைத் தொட முடியாது. வேட்டையாடுபவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

இதன் அருமை நம் கடற்படைக்கு வலியோடு தெரியும். 1971 டிசம்பர் 9 இரவு டையூ அருகே பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி ஐ.என்.எஸ். குக்ரி கப்பலை மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் இறந்தார்கள். நீர்மூழ்கி எதிர்ப்புக்கான சீ கிங் ஹெலிகாப்டர்கள் நம்மிடம் வந்து சேர்ந்ததும் அதே 1971-இல்தான். அப்போது உருவான 330-ஆம் எண் ஸ்குவாட்ரனின் பெயர் ஹார்ப்பூன்ஸ்.

ஸ்குவாட்ரன் என்றால் என்ன?

ஒரே வகை விமானங்களையும், அவற்றை ஓட்டுபவர்களையும், பழுது பார்ப்பவர்களையும் சேர்த்து வைத்திருக்கும் அணி. எண்ணைப் பார்த்தே ஓரளவு வேலையை ஊகிக்கலாம். 300 வரிசை களப்பணி அணிகள், 500 வரிசை பயிற்சி அணிகள். அரக்கோணத்தில் 1992-இல் தொடங்கிய ஐ.என்.எஸ். ராஜாளியில் இருக்கும் 561 ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி. ராஜாளி, பருந்து என்று தமிழ்நாட்டுத் தளங்களுக்கு நம் பறவைகளின் பெயரையே வைத்திருப்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

அணி மொத்தமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காது. ஒன்றிரண்டு ஹெலிகாப்டர்கள், சில விமானிகள், சில டெக்னீஷியன்கள் என்று சிறு குழுவாகப் பிரிந்து போர்க்கப்பலில் ஏறிப்போவார்கள். கப்பல் திரும்பியதும் தாய் அணிக்கு வந்துவிடுவார்கள்.

வேலைக்குத் தகுந்தபடி ஹெலிகாப்டரும் மாறும்:

- சேத்தக்: சின்னது, பழையது. சுமார் 2.2 டன். சிறிய கப்பல் தளத்திலும் இறங்கும். ஆள் மீட்பு, தபால், நோயாளியைக் கொண்டுபோவது எல்லாம் இது செய்யும்.
- ஏ.எல்.எச். துருவ்: பெங்களூரு எச்.ஏ.எல். தயாரிப்பு, சுமார் ஐந்தரை டன். இதன் கடல்சார் மார்க்-3 வகைக்கான 323-ஆம் அணி 2021 ஏப்ரலில் கோவாவிலும், 324-ஆம் அணி 2022 ஜூலையில் விசாகப்பட்டினத்திலும் தொடங்கின. ரேடார், கேமரா, தேவைப்பட்டால் தீவிர சிகிச்சைப் படுக்கை.
- கமோவ்-31: பறக்கும் ரேடார். வயிற்றுக்கடியில் மடித்து வைத்த பெரிய ஆன்டெனாவை வானத்தில் விரித்துச் சுழற்றும். ஏன் தேவை? பூமி உருண்டை. கப்பலில் 25 மீட்டர் உயரத்தில் உள்ள ரேடாருக்குக் கடல்மட்டத்தில் சுமார் 20 கிலோமீட்டர் வரைதான் தெரியும். அதையே 3000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால் 225 கிலோமீட்டர் வரை தெரியும்.
- எம்.எச்.-60ஆர்: சீ கிங்கின் இடத்துக்கு வந்திருக்கும் அமெரிக்க ஹெலிகாப்டர். மொத்தம் 24 வாங்க 2020-இல் ஒப்பந்தம். முதல் அணி 334, 2024 மார்ச் 6 அன்று கொச்சி ஐ.என்.எஸ். கருடாவில் தொடங்கியது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நீர்மூழ்கி வேட்டைக்கான ஹெலிகாப்டரின் உள்ளே சோனார் கருவியும் கணினிகளும் அடைத்திருக்கும். அதில் இருபது பேரை ஏற்றலாம் என்று நினைக்கக் கூடாது. கடற்படையில் இத்தனை ஹெலிகாப்டர் இருக்கே என்று எண்ணிக்கையைப் பார்த்துச் சொல்வது சுலபம். ஆளைத் தூக்கத் தோதானவை அதில் ஒரு பகுதிதான்.

மீட்பு: கணக்கு எங்கே இடிக்கிறது?

2004 சுனாமியில் தமிழகக் கரையில் மட்டுமல்ல, இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் நம் கடற்படைக் கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் போயின. 2017 ஒக்கி புயலின்போது கன்னியாகுமரி மீனவர்களைத் தேடிப் போயின. 2018 கேரள வெள்ளத்தில் ஆலுவா அருகே நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரை கமாண்டர் விஜய் வர்மாவின் குழு கயிற்றில் தூக்கியது. அன்றே அவருக்குப் பிள்ளை பிறந்தது. பிறகு அந்த ஊர்க் கூரை ஒன்றில் நன்றி என்று பெரிதாக எழுதி வைத்திருந்த படத்தை எல்லோரும் பார்த்திருப்போம்.

ஆனால் ஒவ்வொரு சம்பவத்துக்குப் பின்னாலும் மூன்று எல்லைகள் இருக்கின்றன.

முதலாவது, எரிபொருள். போக, தேட, அந்தரத்தில் நிற்க, திரும்ப என எல்லாம் ஒரே டாங்கில். அந்தரத்தில் நிற்பதுதான் எஞ்சினுக்கு மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. ஒக்கியில் ஆழ்கடலில் இருந்த மீனவர்களைக் கரையிலிருந்து கிளம்பும் ஹெலிகாப்டர் எட்ட முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். கப்பல்தளம் இருந்தால்தான் அந்த எல்லை தள்ளிப்போகும்.

இரண்டாவது, நேரம். ஒருவரைக் கயிற்றில் தூக்க ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேருக்கு அரை மணி. ஒரு தெருவுக்கே ஒரு நாள் ஆகும். அதே நேரத்தில் ஒரு ஃபைபர் படகு எத்தனை நடை போகும்? அதனால் படகு போக முடிகிற இடத்துக்குப் படகு, போக முடியாத இடத்துக்கு ஹெலிகாப்டர் என்பதே சரியான கணக்கு.

மூன்றாவது, காற்று. இதை நானே போட்டுப் பார்த்தேன். ஏ.எல்.எச். விசிறியின் விட்டம் 13.2 மீட்டர், பரப்பு சுமார் 137 சதுர மீட்டர். ஐந்தரை டன்னைத் தாங்கி நிற்க அது கீழே தள்ளும் காற்றின் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தொடுகிறது. வானிலை ஆய்வு மையத்தின் பட்டியலில் மணிக்கு 62 கிலோமீட்டர் தாண்டினாலே புயல். அதாவது உங்கள் தட்டட்டிக்கு மேலே ஹெலிகாப்டர் நின்றால் உங்கள் தலைக்கு மேல் ஒரு சின்னப் புயல் நிற்கிறது.

இப்போது அத்தை வீட்டுத் தட்டட்டியை நினைத்துப் பார்த்தேன். நாலு கம்பத்தில் நிற்கும் தகர ஷெட். டிஷ் ஆன்டெனா. சுற்றித் தென்னை. பக்கத்திலேயே கரண்டு கம்பி. கையில் வீசிய சேலை. தகரம் பறந்தால் முதலில் வெட்டுவது அத்தையையும் மாமாவையும்தான். சேலை பறந்து விசிறியில் சிக்கினால் உள்ளே இருக்கும் நாலு பேரும் சேர்ந்து போவார்கள். இது வெறும் பயம் இல்லை. 2024 செப்டம்பர் 2 இரவு, போர்பந்தர் அருகே ஒரு எண்ணெய்க் கப்பலில் காயம்பட்டவரைத் தூக்கப்போன கடலோரக் காவல்படை ஏ.எல்.எச். கடலில் விழுந்தது. நாலு பேரில் மூன்று பேர் உயிரோடு திரும்பவில்லை.

இன்னொன்றும் உண்டு. மேலிருந்து பார்க்கும் விமானிக்கு என்ன தெரிந்திருக்கும்? மாடி வீடு, இடிகிற நிலையில் இல்லை. இரண்டு பேர் நிற்கிறார்கள், கையசைக்கிறார்கள். ஊரெல்லாம் அன்று கையசைத்துக்கொண்டுதான் இருந்தது. மாமாவுக்கு இன்சுலின் இல்லை என்பது வானத்திலிருந்து தெரியாது.

தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை

இதைத்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன். தரையிலிருந்து வானத்துக்குச் சொல்ல உலகப் பொதுவான குறிகள் இருக்கின்றன. ஆங்கில "வி" வடிவம் போட்டால் உதவி தேவை என்று அர்த்தம். பெருக்கல் குறி போட்டால் மருத்துவ உதவி தேவை. குறைந்தது எட்டடி நீளம் இருக்க வேண்டும். வெள்ளை வேட்டி இரண்டு போதும். நாலு மூலையிலும் செங்கல் வைத்துவிட வேண்டும்.

ஹெலிகாப்டர் நெருங்கினால் துணி, தகரம், பிளாஸ்டிக் டாங்க் மூடி எதுவும் பறக்கிற மாதிரி இருக்கக் கூடாது. கயிற்றின் கொக்கி இறங்கும்போது தாவிப் பிடிக்கக் கூடாது. பறக்கும்போது ஹெலிகாப்டரில் மின்னூட்டம் சேர்ந்திருக்கும், கொக்கி முதலில் தரையையோ தண்ணீரையோ தொட வேண்டும். கொக்கியை எதிலும் கட்டவே கூடாது. எல்லோரும் ஓரிடத்தில் குவியாமல், கூட இறங்குபவர் சொல்கிறபடி கேட்க வேண்டும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். அந்த விமானியின் மனசுக்குள் நான் போக முடியாது, ஆனால் நிற்காமல் போனதற்கு இத்தனை காரணம் இருந்திருக்கலாம் என்றேன். பொறுமையாகக் கேட்டார். கோபம் முழுசாகப் போன மாதிரி இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பம் சேலைய வீசுனது தப்புங்க. பெருக்கல் போட்டிருந்தா மாமாவுக்குன்னு தெரிஞ்சிருக்குமாக்கும்?" என்றார்.

"தெரிஞ்சிருக்கும் அத்தை" என்றேன்.

தட்டட்டியில் இப்போது அந்தத் தகர ஷெட் இல்லை. மாடி ரூம் பரணில் இரண்டு பழைய வேட்டி மடித்து வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாராம். ஆற்றோரத்தில் இருக்கும் உங்கள் சொந்தக்காரர்களுக்கு நீங்களும் ஐப்பசிக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.