பாட்டிலைக் கழுவினீர்கள், மூடியைக் கழுவினீர்களா?

எங்கள் இரவு வகுப்புக்கு ஓர் அக்கா வருகிறார். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் குடியிருக்கிறார். அவர் கணவர் தினமும் சைக்கிளில் பீன்யாவுக்கு வேலைக்குப் போகிறார். சைக்கிளில் ஒரு பாட்டில் மாட்டியிருக்கும். மூக்கு வைத்த பாட்டில். வாயில் வைத்து உறிஞ்சலாம்.

ஒருநாள் அக்கா சொன்னார்:

"தம்பி, குழாய்த் தண்ணி நாறுதுன்னு அவரு குடிக்கிறதே இல்ல. காலையில கொடுத்தத சாயங்காலம் அப்படியே கொண்டாந்து ஊத்துறாரு. மூத்திரம் எரியுதுங்கறாரு. இனிமே கேன் தண்ணி வாங்கணுமாம்."

"பாட்டிலக் கொண்டு வாங்க அக்கா, பார்ப்போம்" என்றேன்.

மறுநாள் கொண்டு வந்தார். பாட்டில் பளிச்சென்று இருந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே ஒரு ரப்பர் வாஷர். ஊக்கு நுனியால் நெம்பி எடுத்தேன். அதன் அடியில் மை தடவியது போல ஒரே கறுப்பு! மூக்கின் உள்ளேயும் அப்படித்தான்.

"ஐயோ! தினமும் கழுவுறேனே!" என்றார் அக்கா.

உண்மைதான். தினமும் கழுவினார். வாஷரை மட்டும் ஒருநாளும் கழற்றவில்லை.

நாம் உடனே தண்ணீரைத்தான் குறை சொல்கிறோம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் தொரேகாடனஹள்ளி இருக்கிறது. காவிரி நீர் அங்கே சுத்தம் செய்யப்படுகிறது. பிறகு பம்பு வைத்து சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றுகிறார்கள். 1974 முதல் இப்படி வருகிறது. கிருமி சாக அதில் குளோரின் கலக்கிறார்கள். ஆனால் குளோரின் நாள் முழுவதும் நிற்காது. பாட்டிலில் இருக்க இருக்கக் குறைந்துவிடும். வாய் வைத்துக் குடிக்கும்போது எச்சிலும் கிருமியும் உள்ளே போகும். மூடி வைத்த ஈரத்தில் அவை பெருகும். பாட்டிலின் உள்பக்கம் விரலில் வழுவழுப்பாகத் தட்டுப்படுகிறதா? அது கிருமிகள் சேர்ந்து கட்டிய படலம்.

கறுப்பாக இருப்பது பூசணம். ஊறுகாயிலும் பழைய ரொட்டியிலும் பூக்கிறதே, அந்த இனம்தான். அதற்கு ஈரம் வேண்டும், கொஞ்சம் தீனி வேண்டும். குளுக்கோஸ், எலுமிச்சைச் சாறு, மோர் இவற்றின் மிச்சம் அதற்கு நல்ல தீனி. பெங்களூரில் மழைக்காலத்தில் துணி காய்வதே பெரும்பாடு. மூடிய பாட்டில் எப்படிக் காயும்?

பூசணத்தைக் கண்டதும் பயந்துவிட வேண்டாம். ஒரு வாய் குடித்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் உடல் பலவீனமானவர்களுக்கும் தொல்லை தரலாம். அக்கா வீட்டில் நடந்ததுதான் பெரிய கெடுதல் என்பேன். வெயிலில் சைக்கிள் மிதிக்கிற மனிதர் தண்ணீரே குடிக்காமல் இருந்தார்.

சரி, எப்படிக் கழுவுவது? மூடி, வாஷர், மூக்கு எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றுங்கள். சோப்புத் தூளும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். உள்ளே பாட்டில் பிரஷ் போடுங்கள். பிரஷ் இல்லையா? ஒரு பிடி அரிசியும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். மூடியின் மரைக்குப் பழைய பல் பிரஷ் நல்லது. நாற்றம் போகாவிட்டால் ஒரு கரண்டி சமையல் சோடா போட்டு இரவு ஊற வையுங்கள்.

பூசணம் அதிகமா? வாசனை சேர்க்காத பிளீச் திரவம், 1 லிட்டர் தண்ணீருக்கு 1 டீஸ்பூன். பத்து நிமிடம் ஊற வைத்துப் பலமுறை அலசுங்கள். ஸ்டீல் பாட்டிலுக்கு இது ஆகாது, அரித்துவிடும். ஒன்று முக்கியம். பிளீச்சோடு வினிகரையோ கழிப்பறை கழுவும் ஆசிட்டையோ சேர்க்கவே கூடாது. விஷப்புகை வரும், மூச்சு அடைக்கும்.

கழுவிய பிறகு உடனே மூடாதீர்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறோம். காற்றுப் படும்படி கவிழ்த்து, மூடியைத் தனியே வைத்து, முழுக்கக் காய விடுங்கள். சைக்கிளில் மாட்டும் பாட்டிலின் மூக்கில் சேறும் தெறிக்கும். குடிக்கும் முன் துடையுங்கள்.

பாட்டிலின் அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். நீங்களே படிக்கலாம். 5 என்றால் சூடான தண்ணீரைத் தாங்கும். கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டிலில் 1 இருக்கும். சூடு பட்டால் அது நெளிந்துவிடும். குடித்ததும் நசுக்கிப் போடும்படி அதன் மேலேயே அச்சடித்திருப்பார்கள். நாமோ மாதக்கணக்கில் அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறோம்.

அக்காவின் மூடியில் கறை முழுதும் போகவில்லை. வாஷர் மட்டும் தனியாகக் கடையில் கிடைக்கவில்லை. வேறு பாட்டில் வாங்கினார். வாய் அகன்றது, கை உள்ளே போகிறது. அடியில் 5 என்று இருக்கிறதா என்று கடையில் அவரே பார்த்து வாங்கினாராம். இப்போது அவர் கணவர் பாட்டிலைக் காலியாகக் கொண்டு வருகிறார். கேன் வாங்கவில்லை.