வரிக் கணக்குக்கு எவ்வளவு கேட்பார்கள்?

அமெரிக்காவில் ஜனவரி கடைசியில் சம்பளத்துக்கான டபிள்யூ-2 படிவங்கள் கைக்கு வரத் தொடங்கியதும், வரிக் கணக்கு தயாரிப்பவர்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் குவியும். புதிதாக அழைப்பவர் வழக்கமாக முதலில் கேட்பது, "டாக்ஸ் ஃபைல் பண்ண எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அனுபவமுள்ளவர் உடனே ஒரு தொகையைச் சொல்லமாட்டார். "போன வருஷ ரிட்டர்னை அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்பார். மழுப்புகிறார், ஆளைப் பார்த்து ரேட் போடப் போகிறார் என்று கேட்டவருக்குத் தோன்றும். என் கணிப்பில் அந்தப் பதில் நம்பிக்கை தர வேண்டிய பதில். எதையும் விசாரிக்காமல் "நூறு டாலர்தான், வாங்க" என்பவரிடம்தான் யோசித்துப் போக வேண்டும்.

காரணம் வேலையின் அளவில் இருக்கிறது. 1040 என்பது தனிநபர்களுக்கான அடிப்படைப் படிவம். அந்த ஆண்டில் பணம் எந்தெந்த வழிகளில் வந்துபோனதோ, அதற்கேற்ப இணைப்புப் படிவங்கள் அதனோடு சேரும். சொந்தத் தொழில் என்றால் ஷெட்யூல் சி, வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் ஷெட்யூல் ஈ, பங்குகளை விற்றிருந்தால் 8949 படிவமும் ஷெட்யூல் டி-யும். நேஷனல் சொசைட்டி ஆஃப் அக்கவுன்டன்ட்ஸ் அமைப்பின் 2020-21 கட்டணக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கழிவுகளைத் தனித்தனியே பட்டியலிடாத 1040-க்கு மாநில ரிட்டர்னும் சேர்த்துச் சராசரி 220 டாலர். பட்டியலிட்டால் 323 டாலர். ஷெட்யூல் சி சேர்ந்தால் அதற்கு மேல் இன்னொரு 192 டாலர். அதன்பின் விலைவாசி ஏறியிருக்கிறது. ஆனாலும் அந்த விகிதம் ஒன்றைக் காட்டுகிறது: வார இறுதியில் ஊபர் ஓட்டினேன் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லும் ஒரு வாக்கியம் எளிய ரிட்டர்னின் கட்டணத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிடும். இது தெரியாமல் தொலைபேசியில் சொல்லப்படும் தொகை வெறும் ஊகம்.

கட்டணம் போடும் முறையும் ஆளுக்கு ஆள் மாறும். சிலர் படிவத்துக்கு இவ்வளவு என்று கூட்டிப் போடுவார்கள். சிலர் மணிக்கணக்கில். சிலர் எல்லாம் சேர்த்து ஒரே தொகை சொல்வார்கள். குறைந்தபட்சக் கட்டணம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்குக் கீழ் எந்த வேலையையும் எடுக்காதவர்களும் உண்டு. மணிக்கணக்கு முறையில், ரசீதுகளை ஒரு பையில் அள்ளிப் போட்டுக் கொண்டு வருபவர் அதை வகைபிரிக்கும் நேரத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார். முன்கூட்டியே ஒரே தொகை சொல்லும் முறை வாடிக்கையாளருக்கு நிம்மதி. ஆனால் அந்தத் தொகையை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமானால் தயாரிப்பவர் முதலில் நிறையக் கேள்வி கேட்டாக வேண்டும்.

மாநிலமும் ஒரு கணக்கு. டெக்சாஸில் தனிநபர் வருமான வரி கிடையாது, அதனால் மத்திய ரிட்டர்ன் ஒன்றோடு வேலை முடிந்துவிடும். நியூஜெர்சியில் குடியிருந்து நியூயார்க்கில் வேலை பார்ப்பவருக்கு இரண்டு மாநில ரிட்டர்ன்கள் சேரும், ஒன்றில் கட்டியதை மற்றதில் வரவு வைக்கும் வேலையும் சேரும்.

மென்பொருள் நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு நிறுவனமே தரும் ஆர்.எஸ்.யூ. பங்குகள் இன்னொரு சிக்கல். பங்கு கைக்கு வந்த நாளிலேயே அதன் மதிப்பு சம்பளமாகக் கணக்கிடப்பட்டு வரியும் பிடிக்கப்பட்டிருக்கும். ஆனால் விற்ற பிறகு தரகு நிறுவனம் அனுப்பும் 1099-பி படிவத்தில் வாங்கிய விலை பல நேரம் பூஜ்யம் என்றோ வெறுமையாகவோ இருக்கும். அதை அப்படியே ஏற்றினால் ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி. ஒவ்வொரு விற்பனையாகத் தேடி அதைத் திருத்துபவர் கூடுதலாகக் கேட்கும் பணம், மிச்சப்படுத்தித் தரும் வரிக்கு முன்னால் சிறியதாகவே இருக்கும்.

நம்மவர்களின் ரிட்டர்னில் கட்டணத்தை அதிகம் மாற்றுவது ஊரில் இருக்கும் கணக்குகள். ஷெட்யூல் பி-யின் கடைசிப் பகுதி, வெளிநாட்டில் நிதிக் கணக்கு ஏதும் இருந்ததா, அதில் கையெழுத்து அதிகாரம் இருந்ததா என்று நேராகவே கேட்கிறது. அம்மா பெயரோடு சேர்த்துத் திறந்த ஜாயின்ட் அக்கவுன்டும் இதில் அடங்கும். வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாவற்றையும் கூட்டினால் ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் அறிக்கை கொடுக்க வேண்டும். அது வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.-க்குப் போகும் ரிட்டர்னோடு சேராது. நிதிக் குற்றங்களைக் கண்காணிக்கும் ஃபின்சென் அமைப்புக்குத் தனியாக மின்வழியில் போகும். அதனால் இதற்குத் தனிக் கட்டணம் இருக்கிறதா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். தொகை இன்னும் பெரிதென்றால் 8938 படிவமும் வரும். மணமாகாமல் அமெரிக்காவில் வசிப்பவருக்கு ஆண்டுக் கடைசி நாளில் 50,000 டாலர், அல்லது இடையில் எப்போதாவது 75,000 டாலர் என்பது அதன் எல்லை.

வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. வைப்புநிதி வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. வரி நோக்கில் அமெரிக்காவில் வசிப்பவராகக் கருதப்படுபவருக்கு அந்த வட்டி வரிக்கு உட்பட்டது. வங்கி தரும் வட்டிச் சான்றிதழ் ஏப்ரல் முதல் மார்ச் வரை, அமெரிக்காவுக்கு வேண்டியதோ ஜனவரி முதல் டிசம்பர் வரை. இரண்டு சான்றிதழ்களைப் பிரித்து மாதவாரியாகக் கூட்டும் வேலையை நீங்களே செய்து கொடுத்தால் கட்டணம் குறைய வாய்ப்பு உண்டு. மியூச்சுவல் ஃபண்டு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் இந்திய ஃபண்டுகள் பொதுவாகப் 'பிஃபிக்' எனப்படும் வெளிநாட்டுச் செயலற்ற முதலீட்டு நிறுவன வகையில் அடங்கும். அவற்றின் மொத்த மதிப்பு ஆண்டுக் கடைசியில் 25,000 டாலருக்கு மேல் இருந்தால், தம்பதியின் கூட்டு ரிட்டர்னில் 50,000 டாலருக்கு மேல் இருந்தால், ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனியாக 8621 படிவம். எஸ்.ஐ.பி. போட்டு ஆறு ஃபண்டு சேர்த்தவருக்கு ஆறு படிவம். இந்த வேலையே தெரியாத தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். "ஃபண்டா? அதெல்லாம் காட்ட வேண்டாம்" என்று ஒருவர் சொல்லி, அதனால் அவருடைய விலை குறைவாக இருந்தால், அது விலைக்குறைப்பு ஆகாது. ரிட்டர்னுக்குப் பொறுப்பு கடைசியில் கையெழுத்துப் போட்ட உங்களுடையதுதான்.

ஆகவே கோட், அதாவது கட்டண மதிப்பீடு, கேட்கும்போது தொகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். அதற்குள் என்னென்ன அடக்கம் என்று எழுத்தில் வாங்குங்கள். மாநில ரிட்டர்ன், எஃப்பார், பின்னால் ஐ.ஆர்.எஸ். கடிதம் அனுப்பினால் அதற்குப் பதில், சேர்க்க மறந்த 1099 படிவத்துக்காகத் திருத்த ரிட்டர்ன் என ஒவ்வொன்றும் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முறையாக நடத்துபவர்கள் இதை ஒப்பந்தக் கடிதமாகவே கொடுப்பார்கள். வேலைக்கு நடுவில் புதிதாக ஏதாவது முளைத்தால், தொகையை உயர்த்தும் முன் உங்களிடம் சொல்லி ஒப்புதல் வாங்குவேன் என்ற வரி அதில் இருப்பது நல்லது.

எதிரே இருப்பவர் யார் என்பதும் விலையில் தெரியும். சி.பி.ஏ., என்ரோல்டு ஏஜென்ட், வழக்கறிஞர் ஆகிய மூவரும் ஐ.ஆர்.எஸ். முன் உங்களுக்காக முழுமையாக வாதாட முடியும். மற்றவர்களுக்கு மத்திய அளவில் கட்டாயத் தேர்வு ஏதும் இல்லை. ஐ.ஆர்.எஸ். கொண்டுவர முயன்ற தேர்வை லவிங் வழக்கில் நீதிமன்றம் தடுத்துவிட்டது, 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கலிஃபோர்னியா, ஓரிகன் போன்ற சில மாநிலங்கள் சொந்த விதிகள் வைத்திருக்கின்றன. யாராக இருந்தாலும், பணம் வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் தயாரித்தால் தயாரிப்பாளருக்கான பி.டி.ஐ.என். அடையாள எண்ணைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். "நீங்களே போட்ட மாதிரி அனுப்பிடலாம்" என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று கூலி கேட்பவரிடமும் கொடுக்காதீர்கள். தொகையை ஊதிப் பெருக்க அவருக்குத் தூண்டுதல் இருக்கிறது, அபராதம் வந்தால் கட்டப்போவது நீங்கள். இப்படிக் கேட்பவர்களைத் தவிர்க்கும்படி ஐ.ஆர்.எஸ். ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. கட்டணத்தை ரீஃபண்டிலிருந்தே கழித்துக்கொள்ளும் வசதி வேறு விஷயம். அதில் தவறில்லை, ஆனால் இடையில் வரும் வங்கி தனியாக ஒரு தொகை பிடிக்கும்.

வாடிக்கையாளருக்குச் சாதகமான ஒரு விதியும் உண்டு. மேலே சொன்ன மூன்று வகையினரையும் கட்டுப்படுத்தும் சர்க்குலர் 230-இன்படி, ஒருவர் தன் கட்டணப் பட்டியலை வெளியிட்டால், கடைசியாக வெளியிட்ட நாளிலிருந்து குறைந்தது 30 நாள்களுக்கு அதற்கு மேல் வசூலிக்கக் கூடாது. நியாயமற்ற அளவுக்குக் கட்டணம் கேட்பதையும் அது தடைசெய்கிறது. கட்டணத் தகராறு வந்தாலும், வரிக் கடமையை நிறைவேற்ற உங்களுக்குத் தேவையான உங்கள் ஆவணங்களை அவர்கள் பொதுவாகத் திருப்பித் தந்தாக வேண்டும்.

கோட் கேட்டு அனுப்ப வேண்டியது மிகக் குறைவு. போன ஆண்டு ரிட்டர்னின் எல்லாப் பக்கங்களும், சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் வங்கி எண்ணையும் மறைத்துவிட்டு. அதோடு இந்த ஆண்டு மாறியது என்ன என்று நாலு வரி: வேலை மாற்றம், மாநில மாற்றம், கல்யாணம், குழந்தை, வீடு, பங்கு விற்பனை, ஊரில் உள்ள கணக்குகள். இதே உறையை இரண்டு மூன்று பேருக்கு அனுப்பினால் அவர்கள் சொல்லும் தொகைகளை நேர்மையாக ஒப்பிட முடியும். சம்பளமும் ஒரே ஒரு சேமிப்புக் கணக்கு வட்டியும் மட்டும் உள்ளவர்கள் இதற்கு முன் ஐ.ஆர்.எஸ்.-இன் ஃப்ரீ ஃபைல் அல்லது வீட்டா இலவசச் சேவைக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இதையெல்லாம் நவம்பர், டிசம்பரில் செய்தால் ஆற அமர உங்கள் ரிட்டர்னைப் புரட்டிப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்கும். கடைசி நாளான ஏப்ரல் 15-க்கு முந்தைய வாரத்தில் புதியவர்களைச் சேர்க்காதவர்கள் பலர், சேர்ப்பவர்களில் அவசரக் கட்டணம் கேட்பவர்களும் உண்டு. அவ்வளவு தாமதமாகிவிட்டால் 4868 படிவம் போட்டு அக்டோபர் 15 வரை அவகாசம் வாங்கலாம். அது தாக்கல் செய்வதற்கு மட்டுமான அவகாசம். கட்ட வேண்டிய வரியை மதிப்பிட்டு ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும்.