பாடு: கோடு போட்டது யார்?

'எல்லாவற்றையும் ஓர் அமைப்பாகப் பார்' என்பது இன்று நிர்வாகவியல் சரக்கு. கம்பெனி மேலாளருக்கும் ஆஸ்பத்திரி நிர்வாகிக்கும் இரண்டு நாள் வகுப்பெடுத்து, அம்புக்குறி போட்ட வட்டங்களைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். அதனாலேயே தோழர்கள் பலருக்கு அந்தச் சொல் ஆகாது. அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட வேண்டாம் என்பது என் கட்சி. பழவேற்காட்டை வைத்துப் பேசலாம்.

துண்டுகளை அல்ல, துண்டுகளுக்கு இடையிலான உறவைப் பார் என்பதுதான் அந்தச் சிந்தனையின் அடிப்படை. விளைவு திரும்பி வந்து காரணத்தையே மாற்றும். அதுவும் தாமதமாக வரும். ஏரிக்காரர்களுக்கு இது புதுசில்லை. முகத்துவாரத்தை மணல் மூடினால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது, கோடையில் தண்ணீர் வற்றி உப்பேறும். வலையில் அது தெரிவது பிறகுதான். மூடுவதற்கும் ஒற்றைக் காரணம் கிடையாது. ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் வெள்ளம், அலையேற்றம், கரையோரமாக நகரும் மணல், அந்த மணலை மறிக்கும் கட்டுமானங்கள் என்று பலதும் சேர்ந்துதான் அது நடக்கிறது.

இந்த ஏரியில் பட்டினவர் கிராமங்கள் வைத்திருக்கும் ஏற்பாடுதான் பாடு. (பாடு என்றால் உழைப்பு, துன்பமும்தான். மொழி தெரியாமலா சேர்த்து வைத்தது?) கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் தலைக்கட்டுகள் சுத்துவலை போடும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. நல்ல இடம் யாருக்கும் நிரந்தரமில்லை. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. பொதுச்சொத்து என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள், தனியுடைமையோ அரசோ வந்தால்தான் பிழைக்கும் என்று 1968இல் காரெட் ஹார்டின் எழுதினார். அப்படியில்லை என்று 1990இல் புத்தகம் போட்டவர் எலினோர் ஆஸ்ட்ரம். துருக்கியின் அலான்யாவில் மீனவர்கள் சீட்டுப்போட்டு இடம் மாறிமாறி வலை விடுவதை அவர் காட்டியபோது உலகம் வியந்தது. 2009இல் நோபல் பரிசும் கொடுத்தது. நம்ம ஊரில் அதையே 'பழைய பழக்கம்'னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.

பாட்டைப் பாராட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் அது வெறும் கிராமப் பெருமை. ஆஸ்ட்ரம் நீடித்த ஏற்பாடுகளில் கண்ட முதல் அம்சமே தெளிவான எல்லை: யார் உள்ளே, யார் வெளியே. அந்தக் கோட்டைப் போட்டது யார், அதன் விலையைக் கொடுப்பது யார் என்ற கேள்வியைக் கூர்மையாக்கியவர் வெர்னர் உல்ரிச் (1983). அமைப்புச் சிந்தனையில் எனக்கு வேண்டியது இந்த ஒரு கேள்விதான். வட்டமும் அம்பும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

பாட்டிடம் கேட்டுப் பாருங்கள். தலைக்கட்டு என்பது ஆண். மீனைக் கூடையில் சுமந்து விற்றுக் காசாக்கும் பெண்ணுக்குப் பங்கு கிடையாது. பட்டினவர் அல்லாதவருக்கும் இல்லை. ஏற்றுமதியால் இறால் விலை ஏறியதும் பிறரும் ஏரிக்குள் இறங்கினார்கள், சண்டை வந்தது. இருளர் பெண்களுக்கு வலையுமில்லை, பாடுமில்லை. மணிக்கணக்காகத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள்.

இங்கேதான் மருத்துவம் வருகிறது. விரல் கிழிந்து புண்ணாகி, இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரை தருவார்கள். தரட்டும். "தண்ணியில இறங்காதீங்கம்மா" என்றும் சொல்வார்கள். நோயின் எல்லை உடம்போடு முடிகிறது என்ற கோடு அங்கே ஏற்கெனவே போட்டாயிற்று. அந்த இடுப்புவலியின் ஒரு பகுதி ஊர்க் கூட்டத்தில் குலுக்கும் சீட்டில் இருக்கிறது என்பது நோயாளிச் சீட்டில் ஏறாது.

"பார்த்தீர்களா, மீனவர்களே ஒதுக்குகிறவர்கள்தான், அப்புறம் துறைமுகத்தை மட்டும் ஏன் எதிர்க்கிறீர்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. துறைமுகமும் கோடு போடுகிறது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வழக்கமாகத் திட்டத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் ஆரம் வரைந்து 'ஆய்வுப் பகுதி' என்கிறது. கடலோர மணலுக்கு அந்த வட்டம் தெரியாது. தெற்கே மறித்தால் வடக்கே கரை அரிக்கும் என்பதைச் சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் நூறு வருஷமாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டின் கோட்டை ஊர்க் கூட்டத்தில் சண்டை போட்டாவது நகர்த்தலாம். அறிக்கையின் வட்டத்தை எந்தக் கூட்டத்தில் போய் நகர்த்துவது? காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021இலும் 2023இலும் அறிவித்த பொது விசாரணைகள் தள்ளிவைக்கப்பட்டன. அதற்கு ஆட்சேப மனு எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: பாதிக்கப்படுவோர் பட்டியலில் பாட்டுக்காரக் கிராமங்களுக்குப் பக்கத்திலேயே கையால் இறால் தடவுகிறவர்களையும் எழுதுங்கள். ஊர்க் கூட்டம் மறுத்தால், அந்த மறுப்பைப் பேச வேண்டிய இடமும் ஊர்க் கூட்டம்தான்.