பற்சொத்தையும் கடுக்காய்க் கஷாயமும்

மாட்டுச் சந்தைக்குக் காளை பிடிக்கச் செல்லும் குடியானவர் முதலில் அதன் வாயைத் திறந்து பல் பார்க்கிறார். இரண்டு பல்லா, நான்கு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று கவனித்த பிறகே துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறார். மாட்டின் பல்லில் இவ்வளவு கருத்துடையவர், தம் பல்லையும் தம் குழந்தைகளின் பல்லையும் வலி கண்ட பின்னரே நினைக்கிறார். அறுவடைச் சமயத்தில் கடைவாய்ப் பல் குடைந்து, இரவெல்லாம் உறக்கமின்றிக் கன்னம் வீங்கினால், களத்து வேலையைக் கவனிப்பது எங்ஙனம்? ஆகையால் இந்நோயின் காரணத்தையும், வீட்டளவில் செய்யத்தக்க ஒரு தடுப்பு முறையையும் அறிந்திருத்தல் நலம்.

சொத்தையின் காரணம்

பல்லினுள் புழு இருந்து அரிப்பதாகக் கருதி, கண்டங்கத்தரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்கும் வழக்கம் கிராமங்களில் நெடுநாளாக உண்டு. உண்மையில் அங்குப் புழு ஏதுமில்லை. அமெரிக்கரான மில்லர் என்னும் பல் வைத்தியர் பெர்லின் நகரில் ஆராய்ச்சி செய்து 1890-ம் வருஷத்தில் வெளியிட்ட நூலில், வாயிலுள்ள கிருமிகள் மாவுப் பண்டங்களையும் இனிப்புகளையும் புளிக்கச் செய்வதால் உண்டாகும் அமிலமே பல்லைக் கரைக்கிறது என்று விளக்கினார். அக்கிருமிகளுள் முக்கியமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்பதை 1924-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் கிளார்க் என்பவர் விவரித்தார்.

இக்கிருமி சர்க்கரையிலிருந்து பசை போன்ற ஒரு பொருளை உண்டாக்கி, அதைக் கொண்டு பல்லின்மீது ஒட்டிக்கொள்ளுகிறது. இனிப்பு உண்ட சில நிமிஷங்களுக்குள் அமிலம் பெருகுகிறது. எச்சில் அதனை மாற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் செல்லும். இதற்கிடையே மறுபடியும் மிட்டாயோ சர்க்கரையிட்ட காப்பியோ சேர்ந்தால் பல்லுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. தின்னும் இனிப்பின் அளவைப் போலவே, எத்தனை முறை தின்னுகிறோம் என்பதும் கேடு விளைவிக்கிறது.

கடுக்காயின் குணம்

சேலம் பக்கத்து மலைகளில் விளையும் கடுக்காய், தோல் பதனிடும் தொழிலுக்கு வெகுகாலமாக விற்பனையாகி வருவதைப் பலரும் அறிவர். அதிலுள்ள துவர்ப்புச் சத்து தோலிலுள்ள புரதத்தோடு பிணைந்து அதனைக் கெட்டிப்படுத்துகிறது. வாயிலும் அத்துவர்ப்பே வேலை செய்கிறது. கிருமிகள் பசை உண்டாக்குவதையும் பல்லில் ஒட்டுவதையும் அது தடுக்கிறது. கடுக்காய்ச் சாரத்தைப் பத்து சதவீதக் கரைசலாக்கி வாய் கொப்பளித்தால், எச்சிலிலுள்ள கிருமிகளின் தொகை சில மணி நேரம் குறைந்து நிற்பதாக 1999-ம் வருஷத்தில் வெளியான இந்திய ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று.

வைத்தியர்கள் கொடுக்கும் குளோர்ஹெக்சிடின் என்னும் மருந்து நீர் கிருமிகளை நன்கு அடக்குமாயினும், நெடுநாள் வழங்கினால் பல்லில் பழுப்புக் கறை படியும். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலைக் கஷாயத்தை அதனோடு ஒப்பிட்ட சில சோதனைகளில், பல்லின்மீது படியும் மாசைக் குறைப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒத்திருந்தன. ஆயினும் இச்சோதனைகளிற் பல, சில வாரங்களே நடந்தவை. வருஷக்கணக்கில் சொத்தை வாராமற் காக்கும் என்று இவற்றைக் கொண்டு உறுதி கூற இயலாது.

செய்யும் முறை

பூச்சியரிக்காத, கனமான கடுக்காய்களைப் பொறுக்கி, உடைத்துக் கொட்டையை நீக்கி, தோலை மாத்திரம் இடித்துச் சலித்து வைத்துக்கொள்ளவும். பத்து கிராம் தூளை 200 மில்லி நீரிலிட்டு, பாதியாகச் சுண்டுமளவு காய்ச்சி, துணியில் வடிகட்டி ஆறவிடவும். இரும்புப் பாத்திரம் உதவாது. துவர்ப்பு இரும்போடு கூடிக் கறுக்கும். வீட்டுக் கஷாயம் மேற்சொன்ன சாரத்தைக் காட்டிலும் வலுக் குறைந்ததென்பதையும் நினைவிற் கொள்ளவும்.

பகலுணவுக்குப் பின் முதலில் வெறும் நீரால் வாயைக் கழுவி, பிறகு இரண்டு தேக்கரண்டி கஷாயத்தை ஒரு நிமிஷம் பற்களிடையே செலுத்திக் கொப்பளித்துத் துப்பவும். கடுக்காய் மலத்தை இளக்கும் சரக்காதலால் விழுங்கலாகாது. கொப்பளித்துத் துப்பத் தெரியாத சிறு குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். அன்றன்று காய்ச்சியதையே வழங்க வேண்டும். மீந்ததை வைத்திருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வாய் எரிச்சலோ வறட்சியோ கண்டால் நிறுத்திவிடவும்.

கஷாயத்தால் ஆகாதவை

ஏரிக்கரை உடைந்த பின் வாய்க்காலைத் தூர்வாரிப் பயனில்லை. அவ்வாறே குழி விழுந்த பல்லை எந்தக் கஷாயமும் அடைக்காது. கிராம்புத் தைலம் வலியைச் சற்று மரக்கச் செய்யுமேயன்றி நோயைத் தீர்க்காது. குழி சிறிதாயிருக்கும்போதே பல் வைத்தியரிடம் சென்று அடைத்துக்கொண்டால் பல் பிழைக்கும். தாடையோ கழுத்தோ வீங்கி, ஜுரமும் விழுங்குவதில் அல்லது மூச்சுவிடுவதில் கஷ்டமும் கண்டால், ஒரு நாழிகையும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். அது உயிருக்கே அபாயமாகலாம்.

கொப்பளித்தல் பல் துலக்குவதற்கு ஈடாகாது. செங்கற்பொடியும் கரித்தூளும் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். சொத்தையைத் தடுப்பதில் நன்கு நிரூபிக்கப்பட்டது ஃப்ளூரைடு கலந்த பற்பசையே. இரவில் அதனால் துலக்கி, நுரையைத் துப்பியபின் கஷாயத்தாலோ நீராலோ கொப்பளியாமல் உறங்கச் செல்வது உத்தமம். கொப்பளித்தால் ஃப்ளூரைடு கழுவுண்டு போகும்.

கிராம அதிகாரிகளுக்கு

தருமபுரி போன்ற ஜில்லாக்களில் சில கிணறுகளின் நீரில் ஃப்ளூரைடு மிகுந்துள்ளது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரைக் குழந்தைப் பருவத்தில் தொடர்ந்து பருகினால் பல்லில் வெண்மையும் பழுப்புமான புள்ளிகள் விழும். அது சொத்தையன்று, எக்கஷாயத்தாலும் நீங்காது. ஆகவே இத்தகைய பற்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் காணப்படும் ஊர்களில், குடிநீரைப் பரிசோதனைக்கு அனுப்புவது கிராம அதிகாரிகளின் முதற் கடமையாகும். ஏனைய ஊர்களிலும் வருஷத்திற்கு ஒரு முறையேனும் ஆரம்ப சுகாதார நிலையத்தாரை வரவழைத்துப் பிள்ளைகளின் பற்களைப் பார்வையிடச் செய்தல் வேண்டும். சந்தையில் மாட்டுக்குக் காட்டும் அக்கறையை வீட்டுப் பிள்ளைகளுக்கும் காட்டினால், பிற்காலத்து வலியும் செலவும் பெரும்பாலும் மிச்சமாகும்.