சச்சின் தேடிய சென்னைக்காரர்: உங்க ஷிஃப்ட்ல ஒரு ஸ்டார் எதிரே வந்தா என்ன செய்வீங்க?

2019 டிசம்பர் 14, சனிக்கிழமை. சச்சின் டெண்டுல்கர் ட்விட்டரில் ஒரு வீடியோ போட்டார். கூடவே தமிழிலும் ஒரு பதிவு. பல வருடங்களுக்கு முன் சென்னை தாஜ் கோரமண்டல் ஹோட்டலில் சந்தித்த ஊழியர் ஒருவரைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

டைம்லைன் முழுக்க அன்று இதே பேச்சுதான். பொதுவா ரசிகர்கள்தான் ஸ்டாரைத் தேடுவாங்க. ஒரு ஸ்டார், பெயர்கூடத் தெரியாத ஒரு ஊழியரைத் தேடுவது புதுசு. இத்தனை வருஷம் மறக்காமல் தேடும் அளவுக்கு அந்த ஊழியர் அப்படி என்னதான் செய்தார்?

அன்று நடந்தது என்ன?

சச்சின் சொன்ன கதை இதுதான். சென்னையில் டெஸ்ட் போட்டிக்காகத் தங்கியிருந்த நேரம். ரூமுக்கு ஒரு காபி ஆர்டர் செய்கிறார். கொண்டுவந்த ஊழியர், உங்களிடம் கிரிக்கெட் பற்றி ஒரு விஷயம் பேசலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார். தாராளமா சொல்லுங்க என்கிறார் சச்சின்.

அவர் சொன்னது ஒரே விஷயம். நீங்க எல்போ கார்ட் போட்டு ஆடும்போது உங்க பேட் வீச்சு மாறுது. உங்க பேட்டிங்கை ரீவைண்ட் பண்ணி ரீவைண்ட் பண்ணிப் பார்க்கிற ரசிகன் நான், அதனால்தான் இது கண்ணில் பட்டது என்றும் சொல்லியிருக்கிறார்.

சச்சினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன்னா அந்த அசௌகரியம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது. ஆனால் அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்த ஒரு விஷயத்தை, காபி கொண்டுவந்தவர் கண்டுபிடித்துவிட்டார்! அதன்பிறகு எல்போ கார்டின் அளவு, உள்ளே வைக்கும் திணிப்பு, பட்டை வரும் இடம் எல்லாவற்றையும் மாற்றி வடிவமைக்கச் சொன்னதாக சச்சினே சொல்கிறார்.

வீடியோ வந்த சில மணி நேரத்திலேயே ஆள் கிடைத்துவிட்டார். சென்னைக்காரர்தான். அவர் ஊடகங்களிடம் சொன்ன கதையில் ஒரு சின்ன வித்தியாசம்: அந்த நாட்களில் அவர் ஹோட்டலில் பார்த்தது செக்யூரிட்டி வேலை. ரோந்துக்கான டியூட்டி புத்தகத்தில்தான் சச்சினிடம் ஆட்டோகிராஃப் வாங்கினாராம். சச்சினின் நினைவில் காபி, இவர் நினைவில் டியூட்டி புத்தகம். எல்போ கார்ட் விஷயத்தில் மட்டும் இரண்டு பேருமே ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். ஹோட்டல் நிர்வாகமும் அவரைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பதில் ட்வீட் போட்டது.

எல்போ கார்ட்ல அப்படி என்ன இருக்கு?

வலது கை பேட்ஸ்மேன் நிற்கும்போது இடது தோளும் இடது முழங்கையும் பவுலரைப் பார்த்து இருக்கும். 140 கிலோமீட்டர் வேகத்தில் எகிறி வரும் பந்து முதலில் பதம் பார்ப்பது அந்த இடது கையைத்தான். அதற்கான கவசம்தான் எல்போ கார்ட். உள்ளே ஃபோம், வெளியே கெட்டியான மேல்பகுதி, கையைச் சுற்றிக் கட்ட பட்டை. அவ்வளவுதான்.

ஆனால் நேராக டிரைவ் ஆடும்போது முழங்கை மடங்கி மேலே எழும்ப வேண்டும். தெரு கிரிக்கெட்டில்கூட அண்ணன்மார்கள் "எல்போவைத் தூக்கி ஆடுடா" என்று கத்துவார்களே, அதேதான். கவசம் தடிமனாக இருந்தாலோ, பட்டை சரியாக மடிப்பின் மேல் வந்து உட்கார்ந்தாலோ, கை முழுசா மடங்காது. பேட் இறங்கி வரும் பாதை நூல் அளவு மாறும். நமக்கு அது ஒண்ணுமே இல்லை. பந்து பேட்டின் நடுவில் படுகிறதா, விளிம்பில் படுகிறதா என்பதை அந்த நூல் அளவுதான் தீர்மானிக்கும்.

சேப்பாக்கத்தில் மட்டும் 5 டெஸ்ட் சதம் அடித்தவர் சச்சின். 1998-ல் ஷேன் வார்னேவுக்கு எதிராக 155 நாட் அவுட், 1999-ல் பாகிஸ்தானுக்கு எதிராக முதுகுவலியோடு 136, 2001-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 126. இந்த ஊரே அவருடைய ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒருவர் மட்டும் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சொன்னதில் என்ன ரிஸ்க்?

இதை ஒரு ஃபீல் குட் கதையாக மட்டும் கடந்து போயிடலாம். ஆனால் அந்த ஊழியரின் இடத்தில் நின்று கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

பெரிய ஹோட்டல்களில் விருந்தினரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது பால பாடம். விஐபி என்றால் கேட்கவே வேண்டாம். ஆட்டோகிராஃப் கேட்பதே எல்லையைத் தொடும் விஷயம். அதிலும் போய், "உங்க ஆட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கு" என்று உலகின் நம்பர் ஒன் பேட்ஸ்மேனிடம் சொல்வது! சச்சின் முகம் சுளித்து மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த மாதச் சம்பளமே கேள்விக்குறி ஆகியிருக்கலாம்.

அதையும் மீறி அவர் சொன்ன விதம்தான் கவனிக்க வேண்டியது. முதலில் அனுமதி கேட்டார். ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னார். அது எப்படித் தெரியும் என்பதையும் சொன்னார். ஆபீஸ் மீட்டிங்கில் சீனியரிடம் கருத்து சொல்லப் பயப்படும் நமக்கெல்லாம் இதில் ஒரு டெம்ப்ளேட்டே இருக்கு.

கேட்டவருக்கும் பாதி மார்க் தரணும். நீ யார் எனக்குச் சொல்ல என்று சச்சின் நினைத்திருந்தால் கதை கதவோடு முடிந்திருக்கும்.

இன்னொரு ஹோட்டல் ரூம், வேறு கதை

2022 அக்டோபர் கடைசி. டி20 உலகக் கோப்பைக்காக இந்திய அணி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தங்கியிருந்தது. விராட் கோலி தன் ரூமில் இல்லாத நேரத்தில் யாரோ உள்ளே போய், அவருடைய ஷூ, உடைகள், மேஜைமேல் இருந்த பொருட்கள் என ஒவ்வொன்றாக வீடியோ எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். கோலியே அந்த வீடியோவைப் பகிர்ந்து, என் சொந்த ரூமிலேயே எனக்குத் தனிமை இல்லை என்றால் வேறு எங்கே கிடைக்கும் என்று வருத்தப்பட்டார். ஹோட்டல் மன்னிப்புக் கேட்டது. சம்பந்தப்பட்டவர்கள் பணியிலிருந்து நீக்கப்பட்டதாகவும் அறிவித்தது.

வீடியோ எடுத்தவரும் ரசிகராக இருந்திருக்கலாம். அவருக்கும் கோலி மேல் அளவு கடந்த பிரியம் இருந்திருக்கலாம். ஆனால் சென்னையில் ஒருவர் வாசலில் நின்று அனுமதி கேட்டார். பெர்த்தில் வேலைக்காகக் கொடுத்த சாவி, ஆள் இல்லாத ரூமைத் திறக்கப் பயன்பட்டது. பிரியம் ஒன்றுதான் என்றாலும் வித்தியாசம் அங்கேதான் இருக்கு.

யாருன்னே தெரியாமல் காப்பாற்றியவர்

சச்சினைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் கதை பார்த்தோம். எதுவுமே தெரியாத ஒருவர் கதை இது.

2022 டிசம்பர் 30, விடியற்காலை. டெல்லியிலிருந்து ரூர்க்கிக்குத் தானே கார் ஓட்டிப் போய்க்கொண்டிருந்தார் ரிஷப் பந்த். கார் சாலைத் தடுப்பில் மோதி உருண்டது. எதிர்த் திசையில் வந்துகொண்டிருந்தது ஹரியானா அரசுப் பேருந்து. டிரைவர் சட்டென்று பிரேக் போட்டு நிறுத்தினார். அவரும் கண்டக்டரும் ஓடிப்போய் பந்தைக் காரிலிருந்து தள்ளிக் கொண்டுவந்து, மேலே ஒரு போர்வையைப் போர்த்தினார்கள். கார் கொழுந்துவிட்டு எரிந்து எலும்புக்கூடானது.

நான் ரிஷப் பந்த், கிரிக்கெட் வீரர் என்று பந்த் சொல்லியும் டிரைவருக்குப் புரியவில்லை. காரணம் ரொம்ப சிம்பிள்: அவர் கிரிக்கெட் பார்ப்பதில்லை. அவரைப் பொறுத்தவரை, ரோட்டில் அடிபட்டுக் கிடந்த ஒரு பையன். பேருந்தில் ஆட்கள், பின்னால் டைம் ஷெட்யூல், குளிர்காலத்து இருட்டு. பார்க்காத மாதிரி போயிருக்கலாம். போகலை. மறுநாள் நாடே அவர்களைப் பற்றிப் பேசியது. அரசுகளும் கௌரவித்தன.

ஒரு வருஷத்துக்கும் மேல் சிகிச்சையும் பயிற்சியுமாக ஓடியது. 2024 ஜூனில் டி20 உலகக் கோப்பை வென்ற அணியில் பந்த் இருந்தார். அதே செப்டம்பரில் விபத்துக்குப் பிறகான தன் முதல் டெஸ்டில், வங்கதேசத்துக்கு எதிராக 109 ரன் அடித்தார். அந்த சதம் வந்த இடம் நம்ம சேப்பாக்கம். அன்று ஸ்டாண்டில் எழுந்து நின்று கைதட்டிய பல ஆயிரம் பேருக்கு அந்தக் காட்சி கிடைத்ததற்கு, கிரிக்கெட்டே பார்க்காத ஒரு டிரைவரும் காரணம்.

பெயர் தெரியும், முகம் தெரியாது!

நடுவில் ஒரு ஜாலியான கதையும் உண்டு. செஸ் சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த் பேட்டிகளில் அடிக்கடி சொல்வது. கேரளாவுக்குப் போகும் ரயிலில் பக்கத்து சீட் பெரியவர், தம்பி என்ன பண்றீங்க என்று விசாரிக்கிறார். செஸ் ஆடுறேன் என்கிறார் ஆனந்த். அது சரி, வேலை என்ன என்று மறுபடியும் கேள்வி. கடைசியில் பெரியவர் அக்கறையாக ஒரு அட்வைஸ் கொடுக்கிறார்: விளையாட்டை நம்பிப் பிழைக்க முடியாது, நீ என்ன விஸ்வநாதன் ஆனந்தா?

அந்தப் பெரியவர் எந்த ஊரோ, வீட்டுக்குப் போய் எப்போதாவது பேப்பரில் போட்டோ பார்த்து அதிர்ந்தாரோ!

சரி, நம்ம ஷிஃப்ட்ல ஒரு ஸ்டார் வந்தா?

கேப் ஓட்டுபவர், ஏர்போர்ட் கவுன்டர், மருத்துவமனை, ஜிம், காபி ஷாப், ஐடி கம்பெனி நிகழ்ச்சி... யாருக்கும் எப்போதும் நடக்கலாம். அப்போது நினைவில் வைக்க நான்கு விஷயம்:

1. முதலில் அவர் உங்கள் வாடிக்கையாளர், பயணி அல்லது நோயாளி. கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டுப் பேசுங்க.

2. அனுமதி கேளுங்க. சாப்பிடும்போது, குழந்தைகளோடு இருக்கும்போது, தோற்றுவிட்டு வரும்போது வேண்டாமே.

3. வேலை மூலம் உங்களுக்குத் தெரியவரும் எதுவும் உங்க கன்டென்ட் இல்லை. ரூம் நம்பர், போன் நம்பர், டிராப் பண்ணிய முகவரி, மெடிக்கல் ரிப்போர்ட், சிசிடிவி காட்சி எதையும் ஸ்டேட்டஸில் போடாதீங்க. ஒரு லைக்குக்காக வேலை போகும். அவர் பாதுகாப்பும் போகும்.

4. விபத்து என்றால், அடிபட்டவர் யார் என்று பார்க்கவே வேண்டாம். போலீஸ், கோர்ட் என்று இழுப்பார்களோ என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்ல எண்ணத்தோடு உதவுபவருக்குச் சட்டப் பாதுகாப்பு தருகிறது. பெயர், விவரம் சொல்லச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

கடைசியா ஒரு வாக்குமூலம். காலேஜ் படிக்கும்போது ஒரு மால் நிகழ்ச்சியில் வாலன்டியராக நின்றிருக்கிறேன். மேடைக்குப் பின்னால், நான் ஸ்கூல் காலத்திலிருந்து ஃபாலோ பண்ணிய ஒரு வீராங்கனைக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்க வேண்டியது என் வேலை. அவங்க வந்தாங்க, பாட்டிலை வாங்கிக்கொண்டு சிரிச்சாங்க, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிஷம் சும்மாவே இருந்தாங்க. காலில் புதுசாக ஒரு கட்டு இருந்ததைக் கவனித்தேன். எப்படி இருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. எனக்கு வாயில் வந்தது ஒரே வார்த்தை: "செல்ஃபி?"

அந்த போட்டோ இன்னும் போனில் இருக்கு. என் பாதி முகமும், அவங்க காதும் தெரியும்.